சாமுவேல் மார்ஸ்டன் தாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

200 வருஷத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு அருகே பரமாட்டா என்ற ஊரில் இருந்த ஒரு பாதிரியாரின் கடிதங்கள், பயண நாட்குறிப்புகள், பட்டியல்கள், பத்திரங்கள் பற்றிய பக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை, மற்ற நாட்களில் மாஜிஸ்திரேட் நாற்காலி என்று வாழ்ந்த மனிதர் அவர். நியூசிலாந்தில் ஒரு பெயரோடும் ஆஸ்திரேலியாவில் நேர் எதிரான இன்னொரு பெயரோடும் நினைக்கப்படுகிறார். அவருடைய தாள்களைத் தேடி வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

மார்ஸ்டன் யார்?

1765ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஃபார்ஸ்லி என்ற கிராமத்தில் பிறந்தவர். கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன். அந்தப் பக்கத்துப் பாதிரியார்கள் சேர்ந்து வசதியில்லாத பிள்ளைகளைக் குருத்துவத்துக்குப் படிக்க வைக்க எல்லண்ட் சங்கம் என்று ஒன்று நடத்தினார்கள். அதன் உதவியால் கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரி வரை போனார். பட்டம் வாங்குமுன்பே நியூ சவுத் வேல்ஸ் கைதிக் குடியேற்றத்துக்குத் துணைப் பாதிரியாராக வேலை கிடைத்தது. 1793ல் கல்யாணம், குருப்பட்டம், கப்பல் எல்லாம் அடுத்தடுத்து. கூட வந்த மனைவி எலிசபெத் வழியில் நடுக்கடலில் பெண் குழந்தை பெற்றார். 1794 மார்ச்சில் சிட்னியில் இறங்கினார்கள். 1838 மே மாதம் இறக்கும்வரை, ஒரு முறை இங்கிலாந்து போய் வந்ததையும் 7 முறை நியூசிலாந்து போய் வந்ததையும் விட்டால், பரமாட்டாதான் அவருக்கு வீடு.

பாதிரியார் எப்படி மாஜிஸ்திரேட் ஆனார்?

அந்தக் கால இங்கிலாந்தில் இது அதிசயமில்லை. கிராமத்துப் பாதிரியாரே சமாதான நீதிபதியாகவும் இருப்பது சாதாரணம். கைதிகளும் அவர்களைக் காவல் காக்கும் சிப்பாய்களுமாக நிறைந்த காலனியில் எழுதப் படிக்கத் தெரிந்த, கைதியல்லாத ஆள் கிடைப்பதே அரிது. ஆக வந்து இறங்கிய ஓரிரண்டு ஆண்டிலேயே பரமாட்டா நீதி இருக்கையில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அதே ஊரில் அரசாங்கப் பணிகளின் மேற்பார்வையும் சேர்ந்துகொண்டது. கைதிக்கு ஞாயிறன்று பாவமன்னிப்பைப் பற்றிச் சொல்பவரும், திங்களன்று அதே கைதிக்கு எத்தனை அடி என்று தீர்ப்பெழுதுபவரும் ஒரே ஆள். இது அந்தக் காலத்திலேயே பலருக்கு உறுத்தியிருக்கிறது.

அவருடைய தாள்கள் எங்கே இருக்கின்றன?

ஒரே இடத்தில் இல்லை. இதுதான் புதிதாகத் தேடுபவர்களைக் குழப்புவது.

கடிதம் எழுதியவரிடம் இருக்காது, வாங்கியவரிடம்தான் இருக்கும். மார்ஸ்டன் ஆயுசு முழுக்க கடிதம் எழுதியது பல பேருக்கு. லண்டனில் இருந்த சர்ச் மிஷனரி சொசைட்டிக்கு, நம் நெல்லைக்காரர்கள் சி.எம்.எஸ். என்று சொல்லும் அதே சபைக்கு, அனுப்பியவை நிறைய. அவற்றில் நியூசிலாந்தைப் பற்றிய ஒரு பெரிய பகுதியை டாக்டர் தாமஸ் மோர்லண்ட் ஹாக்கன் லண்டனிலிருந்து பெற்று நியூசிலாந்தின் டனீடன் நகருக்குக் கொண்டுவந்தார். மருத்துவர், பழைய தாள் என்றால் உயிரை விடுபவர். அவர் சேகரித்ததெல்லாம் இப்போது ஓட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஹாக்கன் நூலகத்தில்.

குடும்பக் கடிதங்கள், காலனி பற்றிய கட்டுரைகள், பட்டியல்கள் போன்றவை சிட்னியில் மாநில நூலகத்தின் மிட்செல் பிரிவில் இருக்கின்றன. சி.எம்.எஸ்.ஸின் பொதுக் காப்பகம் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். தஹிதித் தீவு மிஷனுக்கு அவர் முகவராக இருந்ததால் லண்டன் மிஷனரி சொசைட்டியின் காப்பகத்திலும் தேட வேண்டும்.

நீதிபதியாக அவர் என்ன செய்தார் என்பதற்கோ, இதில் எதைத் திறந்தாலும் பாதிதான் கிடைக்கும். அது அரசாங்கத் தாள். காலனிச் செயலர் ஆவணங்கள் என்ற தொகுதியில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காப்பகத்தில் இருக்கிறது. டனீடனில் மட்டும் படித்தவருக்கு ஒரு மார்ஸ்டன் தெரிவார், சிட்னியில் மட்டும் படித்தவருக்கு வேறொருவர் தெரிவார். இரண்டு நாட்டிலும் அவர் பெயர் இப்படிப் பிரிந்து கிடப்பதற்குத் தாள்கள் பிரிந்து கிடப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டில் இருந்தே படிக்கலாமா?

படிக்கலாம். 2014ல் ஓட்டாகோ பல்கலைக்கழகம் மார்ஸ்டன் இணையக் காப்பகத்தைத் திறந்தது. ஹாக்கனில் உள்ள ஆரம்பகாலக் கடிதங்கள், நாட்குறிப்புகளின் படங்களும், கையெழுத்தைப் படித்து அச்செழுத்தில் எடுத்தெழுதிய ஆங்கில வரிகளும் அதில் கிடைக்கும். காசு கிடையாது.

"சவுக்கடிப் பாதிரியார்" என்ற பட்டப்பெயர் நியாயமா?

நியாயம்தான்.

1800ல் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ச்சிக்குத் திட்டமிடுகிறார்கள், ஈட்டிகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று காலனியே பதறிக்கொண்டிருந்தது. பேட்ரிக் கால்வின் என்ற இளைஞனுக்கு இடம் தெரியும் என்று சந்தேகம். மார்ஸ்டனும் இன்னொரு மாஜிஸ்திரேட்டும் அவனைச் சவுக்கால் அடிக்க வைத்தார்கள். செய்த குற்றத்துக்கான தண்டனையாக அடிக்கவில்லை. வாயைத் திறக்க வைக்க அடித்தார்கள். 300 அடி. அவன் சொல்லவில்லை. அதைப் பற்றி மார்ஸ்டன் கவர்னருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இவன் செத்தாலும் சொல்ல மாட்டான் போலிருக்கிறது என்கிறார். தான் செய்ததில் தவறு உண்டோ என்ற சந்தேகத்தின் நிழல்கூட அதில் இல்லை. களத்து வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் கணக்குப்பிள்ளையின் தொனி.

இது எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்குவதற்கும் வழியில்லை. 1819ல் லண்டன் அரசாங்கம் காலனியை விசாரிக்க ஜான் தாமஸ் பிக் என்ற ஆணையரை அனுப்பியது. மார்ஸ்டன் பக்கம் சாய்ந்தவர் என்றே பெயரெடுத்தவர் அவர். அவருடைய அறிக்கையிலேயே, மார்ஸ்டன் விதித்த தண்டனைகள் மற்ற மாஜிஸ்திரேட்டுகள் விதித்ததைவிடக் கடுமையானவை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று வருகிறது. 1826ல் தன் மீதான குற்றச்சாட்டுகளுக்கு மார்ஸ்டன் லண்டனில் ஒரு சிறுநூலாகவே பதில் அச்சிட்டார்.

அப்படியென்றால் நியூசிலாந்தில் அவரை ஏன் மதிக்கிறார்கள்?

தாள்களிலேயே நான் திரும்பத் திரும்பப் போகும் பகுதி இதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

1809 கடைசியில் பாய்ட் என்ற கப்பல் நியூசிலாந்தின் வடக்கே வாங்கரோவா துறையில் நின்றது. அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகள் அதைப் பிடித்து, கிட்டத்தட்ட 70 பேரைக் கொன்றார்கள். சிட்னியில் இந்தச் செய்தி வந்ததும் காட்டுமிராண்டிகள் என்ற ஒரே பேச்சு. திமிங்கில வேட்டைக்காரர்கள் பழிவாங்கப் போய், சம்பந்தமில்லாத டெ பஹி என்ற தலைவரின் தீவைத் தாக்கினார்கள்.

5 வருஷம் கழித்து, 1814 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் மார்ஸ்டன் அதே வாங்கரோவாக்காரர்களோடு ஓர் இரவு தங்கினார். கூட நிக்கலஸ் என்ற ஆங்கில நண்பர் ஒருவர் மட்டும். பாய்ட் தாக்குதலுக்கு முன்நின்ற டெ ஆராவிடமே ஏன் என்று கேட்டார். கப்பல்காரர்கள் அவரை ஜார்ஜ் என்று கூப்பிடுவார்கள், ஆங்கிலம் பேசுவார். டெ ஆரா சொன்னதை மார்ஸ்டன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சிட்னியிலிருந்து பாய்ட் கப்பலில் ஊர் திரும்பும்போது டெ ஆராவுக்கு உடம்பு சரியில்லை. வேலை செய்ய முடியவில்லை. தலைவனின் மகன் என்று சொல்லியும் கேட்காமல் கட்டி வைத்து அடித்தார்கள். ஊரில் இறங்கி முதுகைக் காட்டினார். அப்புறம் நடந்ததுதான் நடந்தது.

அந்த ராத்திரி எங்கே படுக்க வேண்டும் என்று டெ ஆராவே இடம் காட்டினார். சுற்றிலும் ஆண், பெண், குழந்தைகள் தரையில் தூங்குகிறார்கள். அவர்களுடைய ஈட்டிகள் மண்ணில் நட்டபடி நிற்கின்றன. மேலே நட்சத்திரம். மார்ஸ்டனுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்று அவரே எழுதுகிறார். பயத்தைவிட வியப்பு அதிகம் தெரியும் பக்கங்கள் அவை. காலையில் வாங்கரோவாக்காரர்களுக்கும், டெ பஹியின் ஊர் ஆட்களுக்கும் இடையே சமாதானம் பேசி, மூக்கோடு மூக்கு உரச வைத்தார்.

சவுக்கடி பட்ட மாவோரி ஒருவனின் கோபம் இவருக்குப் புரிகிறது. டெ பஹி நிரபராதி என்று எழுதுகிறார். தீவுக்காரர்களைக் கப்பல் தலைவர்கள் துன்புறுத்தக்கூடாது என்று 1813லேயே சிட்னியில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். கால்வினைப் பற்றி எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. ஒரு முதுகு அவர் கண்ணுக்குத் தெரிந்தது, இன்னொன்று தெரியவில்லை. தீர்ப்பு எழுதும் நாற்காலியில் இருந்து பார்த்தது ஒன்று, விருந்தாளியாகத் தரையில் படுத்துப் பார்த்தது மற்றொன்று என்று நான் விளங்கிக்கொள்கிறேன். கத்தோலிக்க அயர்லாந்துக்காரர்கள் மேல் அவருக்கு இருந்த வெறுப்பையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

1814 கிறிஸ்துமஸ் பிரசங்கம் பற்றித் தாள்களில் என்ன இருக்கிறது?

வாங்கரோவாக்காரர்களைச் சந்தித்த பிறகு பே ஆஃப் ஐலண்ட்ஸ் போய், ஓய்ஹி என்ற சிறிய விரிகுடாவில் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை நடத்தினார். நியூசிலாந்து மிஷன் சரித்திரம் அங்கிருந்துதான் தொடங்குவதாகச் சொல்வார்கள். லூக்கா 2ஆம் அதிகாரம் 10ஆம் வசனம், "மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" என்று வரும் இடம்தான் பிரசங்க வசனம்.

எனக்குப் பிரசங்கத்தைவிட ஏற்பாடு சுவாரஸ்யம். அதைச் செய்தவர் ருவாதாரா என்ற இளம் மாவோரித் தலைவர். அரை ஏக்கர் அளவுக்கு வேலி கட்டினார். பழைய தோணியை வைத்துப் பிரசங்க மேடை செய்தார். ஐரோப்பியர்கள் உட்காரக் கவிழ்த்த தோணிகள். குன்றின் மேல் கொடி. எல்லாம் மார்ஸ்டன் கேட்காமலே. வந்திருந்த கூட்டத்துக்கு ஆங்கிலம் தெரியாது. முடிந்ததும் ருவாதாரா தன் மொழியில் எடுத்துச் சொன்னார். என்ன சொன்னார் என்பது மார்ஸ்டனுக்கும் தெரியாது.

ருவாதாரா யார்?

1809ல் மார்ஸ்டன் இங்கிலாந்திலிருந்து திரும்பிய கைதிக் கப்பலில் மூலையில் இருமிக்கொண்டு, ரத்தம் கக்கிக்கொண்டு ஒரு மாவோரி கிடந்தார். ஜார்ஜ் அரசரைப் பார்க்கலாம் என்று திமிங்கிலக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து லண்டன் வரை போனவர். அரசரைக் காட்டவில்லை, கூலியும் கொடுக்கவில்லை, அடி மட்டும் கிடைத்தது. மார்ஸ்டன் அவரைத் தேற்றிப் பரமாட்டாவுக்கு அழைத்து வந்து விவசாயம் கற்றுக்கொடுத்தார்.

பிறகு வருகிறது கோதுமைக் கதை. ஊருக்குத் திரும்பிய ருவாதாரா கோதுமை விதைத்து, இதிலிருந்துதான் வெள்ளைக்காரன் ரொட்டி செய்கிறான் என்றார். செடி வளர்ந்ததும் ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கு மாதிரி வேரில் இருக்கும் என்று பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டு, தங்கள் பங்குப் பயிரை எரித்தே விட்டார்கள். ருவாதாராவின் வயலும் ஹோங்கி ஹிகா என்ற தலைவரின் வயலும் மட்டும் கதிர் முற்றி அறுவடையாயின. ஆனால் அரைக்கக் கல் கிடையாது. இரவல் வாங்கிப் பார்த்த மிளகு அரைக்கும் இயந்திரம் சின்னது, பயன்படவில்லை. மார்ஸ்டன் கைத்திருகை ஒன்று அனுப்பினார். மாவு விழுந்தது. வாணலியில் அவசரமாக ஓர் அப்பம் சுட்டார்கள். பார்த்தவர்கள் ஆடிக் கூத்தாடினார்கள். எதிர்பார்த்து நொந்து போனவன் மேல் இவ்வளவு கரிசனத்தோடு மார்ஸ்டன் எழுதிய இடங்கள் குறைவு.

1815 மார்ச் 3 அன்று, மார்ஸ்டன் கிளம்பிச் சில நாளிலேயே, ருவாதாரா காய்ச்சலில் இறந்தார்.

12 கோடாலிக்கு 200 ஏக்கர் வாங்கினாரா?

ஆமாம். 1815 பிப்ரவரி 24 தேதியிட்ட பத்திரம். மிஷனுக்காக வாங்கிய நிலம், விலை 12 கோடாலி. விற்றவர் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய முகத்தில் உள்ள பச்சையின் கோலம் தாளில் வரையப்பட்டிருக்கிறது. அந்த வளைகோடுகள் ஓர் ஆளுக்கு மட்டுமே சொந்தமானவை. கைரேகை மாதிரி. ஆனால் "விற்பது" என்ற சொல்லை இரண்டு தரப்பும் ஒரே மாதிரிப் புரிந்துகொண்டார்களா என்பது வேறு விஷயம். நிலம் கைமாறுவது என்பதே மாவோரிகளுக்கு உபயோகிக்க இடம் கொடுப்பது, உறவு ஏற்படுத்திக்கொள்வது என்ற பொருளில் இருந்தது.

பெண்கள் பட்டியல் என்று ஒன்று சொல்கிறார்களே?

1806ல் மார்ஸ்டன் காலனியில் இருந்த பெண்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் போட்டார். ஒன்று "மணமானவள்", இல்லையென்றால் "வைப்பாட்டி". 1,430 பேரில் 395 பேர் முதல் வகை, 1,035 பேர் இரண்டாம் வகை. குழந்தைகளையும் அதேபோல் பிரித்தார். 807 பேர் முறைப்படி பிறந்தவர்கள், 1,025 பேர் அப்படியல்ல.

இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த கல்யாணத்தை மட்டும்தான் அவர் கல்யாணமாக எடுத்துக்கொண்டார். கத்தோலிக்கர், யூதர் முறையில் மணந்து பல வருஷம் ஒரே கணவனோடு குடித்தனம் நடத்திய பெண்ணும் இரண்டாம் வரிசைக்குப் போனாள். இந்தப் பட்டியல் லண்டனில் போய்ச் சேர்ந்து, காலனிப் பெண்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்ற எண்ணம் வேரூன்ற உதவியது. இன்று வம்சாவளி தேடுபவர்கள் இதை ஆசையோடு பார்க்கிறார்கள், பாட்டியின் பாட்டி பெயர் கிடைக்கிறதே என்று. பெயரை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உள்ள சொல்லை நம்ப வேண்டியதில்லை.

கவர்னர் மெக்குவாரியோடு என்ன தகராறு?

தண்டனை முடிந்து விடுதலையான கைதிகளை மரியாதையாக நடத்த வேண்டும் என்பது மெக்குவாரியின் கொள்கை. 1810ல் சாலை நிர்வாகக் குழு ஒன்றில் அப்படிப்பட்ட இருவரோடு மார்ஸ்டனையும் நியமித்தார். அவர்களோடு உட்கார மாட்டேன் என்று மார்ஸ்டன் மறுத்துவிட்டார். அதிலிருந்து மூண்டது 10 வருஷம் அணையவில்லை.

1817 ஜனவரியில் சிட்னி கெஜட்டில் ஃபிலோ ஃப்ரீ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. மிஷன் பணம் எங்கே போகிறது, தீவுகளோடு வியாபாரம் யாருக்காக என்று நக்கல். எழுதியவர் கவர்னரின் செயலர் காம்ப்பெல் என்று தெரிந்ததும் மார்ஸ்டன் வழக்குப் போட்டு 200 பவுன் நஷ்டஈடு வாங்கினார். மறு வருஷம் மெக்குவாரி அவரைக் கூப்பிட்டு, சாட்சிகள் முன்னால் எழுதி வைத்ததை வாசித்துத் திட்டினார். மாஜிஸ்திரேட் பதவியும் போனது. இந்தச் சண்டைக் காலத்துக் கடிதங்களை வாசிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். லண்டனில் ஆதரவு திரட்டுவதற்காக எழுதியவை அவை.

ஆடு வளர்த்தாராமே?

ஆமாம். 1805க்குள் 1,000க்கு மேல் ஆடு. 1807ல் இங்கிலாந்து போனபோது தன் கம்பளியை எடுத்துப் போய் யார்க்‌ஷயரில் துணி நெய்வித்து, கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் ஜார்ஜ் அரசரைப் பார்த்தார். அரசர் தன் மந்தையிலிருந்து மெரினோ ஆடுகள் கொடுத்தனுப்பினார்.

குடும்பத்தைப் பற்றி ஏதும் இருக்கிறதா?

லண்டனில் ஸ்டோக்ஸ் என்ற தம்பதிக்கு மார்ஸ்டனும் எலிசபெத்தும் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. முதலில் எலிசபெத் கடிதங்களைப் படியுங்கள். கணவர் காலனியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது இவர் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார். இரண்டு பையன்கள் சின்ன வயதிலேயே விபத்தில் போனார்கள். ஒருவன் வண்டியிலிருந்து விழுந்து, அடுத்தவன் கொதிநீர் பட்டு. 1811ல் கடைசிப் பிரசவத்தின்போது எலிசபெத்தைப் பக்கவாதம் தாக்கியது. 1835ல் இறக்கும்வரை அது முழுசாகச் சரியாகவில்லை. மார்ஸ்டன் நியூசிலாந்து போய் வந்த 7 பயணங்களில் 6 அந்தக் காலத்தில் நடந்தவை.

இணையக் காப்பகத்தில் ருவாதாரா என்று தேடினால் எதுவும் வரவில்லையே?

மாவோரி மொழிக்கு அப்போது நிலையான எழுத்துமுறை இல்லை. மார்ஸ்டன் காதில் விழுந்தபடி எழுதினார். ருவாதாரா அவரிடம் "துவாதெரா". ஹோங்கி ஹிகா "ஷுங்கீ". டெ பஹி "திப்பாஹி". ஒரே கடிதத்தில் ஒரு பெயர் இரண்டு விதமாகவும் வரும். பெயரால் தேடுவதைவிடத் தேதியால் தேடுவது சுலபம். இன்னொன்று, ஒரே கடிதத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் குழம்ப வேண்டாம். கப்பல் மூழ்கலாம் என்பதால் முக்கியமான கடிதத்தின் நகலை அடுத்த கப்பலில் அனுப்புவது அந்தக் கால வழக்கம்.

திருநெல்வேலி சி.எம்.எஸ். ஆவணம் தேடுபவர்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

மார்ஸ்டன் தமிழ்நாட்டைப் பற்றி எழுதினார் என்று நினைத்து வர வேண்டாம். ஆனால் முகவரி ஒன்றுதான். மார்ஸ்டன் ஓய்ஹியில் பிரசங்கம் செய்த அதே 1814ல்தான் சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் சென்னையில் வந்து இறங்கினார். 1820ல் பாளையங்கோட்டை போனார். இரண்டு பேரும் அறிக்கை அனுப்பியது லண்டனில் ஒரே அலுவலகத்துக்கு, செயலர் ஜோசையா பிராட்டின் மேசைக்கு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சி.எம்.எஸ். தாள்கள் மிஷன்வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. தென்னிந்தியா தனி, நியூசிலாந்து தனி. கோரிக்கை அனுப்பும்போது மிஷன் பெயரும் வருஷமும் போடுங்கள். ஊர்ப் பெயரை அக்கால ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இன்றைய எழுத்தில் பாளையங்கோட்டை என்று தேடினால், ருவாதாராவைத் தேடிய கதைதான்.